வெளியே வா என்று சொன்னவள்

என் மகன் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் என் சொல்லைக் கேட்டு நடந்திருக்கிறான். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் இருந்து சொன்னேன்; அவன் வளைகுடாவில் ஒரு நகரத்தில், பத்தொன்பதாம் மாடியில் நின்று கேட்டான். எந்த நகரம் என்று எழுத மாட்டேன். அவன் இன்னமும் அங்கேதான் வேலை செய்கிறான். இப்படியான கதைகள் வெளியில் வருவது அந்த ஊர்க்காரருக்குப் பிடிக்காது.

சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான். குளிருக்குத் தொப்பி போடு என்றால் அதைப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு போவான். தமிழ் வகுப்புக்குப் போ என்றால் வயிற்றுக்குத்து வரும். கட்டடம் கட்டுகிற படிப்பு வேண்டாம், கணக்கியல் படி என்று அழாக்குறையாகச் சொன்னேன், கட்டடம்தான் படித்தான். படித்து முடித்து ரொறன்ரோவில் இரண்டு வருடம் நன்றாகத்தான் வேலை செய்தான். பிறகு இங்கே கொண்டோ மாடிக் கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தொடங்கினார்கள். இவனை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். ஸ்காபரோவில் இருந்து நாங்கள் மாறிப்போன பிக்கரிங் வீட்டு பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, ஒரு வருடம் இருந்து விண்ணப்பம் போட்டான். சாப்பிட மட்டும் மேலே வருவான். தகப்பன் கதைக்கப் போனால் சாப்பாட்டுக் கோப்பையோடு கீழே இறங்கிவிடுவான்.

வளைகுடாவில் வேலை கிடைத்தது என்றபோது, உள்ளதைச் சொல்லவேண்டும், நான் துள்ளிக் குதித்தேன். கலியாண மண்டபங்களில் யாரும் கேட்காமலே சொல்லித் திரிந்தேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்கும் குண்டு போடுகிற பொம்பருக்கும் பயந்து இந்தக் குளிருக்கு ஓடிவந்தது, பிள்ளைகள் சத்தமில்லாத இடத்தில் வளரட்டும் என்றுதான். அப்படி வளர்ந்த பிள்ளை, இங்கே பிழைக்க வழியில்லாமல் எந்தத் திசைக்குப் போகிறான் என்று நான் யோசிக்கவே இல்லை. அந்த நகரத்தின் படங்களைப் பார்த்தால் யாருக்குத்தான் யுத்தம் ஞாபகம் வரும்? எங்கு பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடம், கழுவித் துடைத்த தெரு.

அவன் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் மேசை போட்டுக் காவலுக்கு ஒருவர் இருந்தார். மகன் ஒருநாள் என்னோடு பேசிக்கொண்டே லிஃப்றுக்கு நடந்தபோது, அவனுடைய உடைந்த தமிழைக் கேட்டு, “தம்பி யாழ்ப்பாணமோ?” என்று விசாரித்திருக்கிறார். “நோ, ஸ்காபரோ” என்றானாம் இவன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கே கேட்டது. அன்றைக்கே ரெலிபோனை வாங்கி என்னோடு பேசினார். அவர் யாழ்ப்பாணத்து முஸ்லிம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரையும் யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியபோது உடுத்த உடுப்போடு புத்தளம் போனவர். துரத்தியவர்கள் எங்கள் ஆட்கள். பதினேழு வயதில் நான் படலைக்குள் நின்று அந்தச் சனம் நடந்துபோனதைப் பார்த்தவள். 

அவரோ அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. “தங்கச்சி எந்தப் பள்ளிக்கூடம்?” என்று தொடங்கினார். முஸ்லிம்களில் மூத்தவர்களை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். நானும் அப்படியே கூப்பிட்டேன். பிறகு வாரத்தில் ஒரு தடவையாவது மகனின் ரெலிபோனில் அவரும் வந்துபோவார். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார். முழங்கால் உளைவு என்று சொல்வார். பதினாறு வருடமாக அந்த வெயிலில் இருந்தார், புத்தளத்தில் ஒரு வீடே அவரை நம்பி இருந்தது.

பிறகு அந்தப் பக்கம் குழம்பத் தொடங்கியது. ஒரு நாடு மற்ற நாட்டுக்கு எச்சரிக்கை விடும், இரண்டு நாளில் எங்கோ ஒரு தளத்தில் ஏவுகணை விழும், விமானங்கள் ஓடாது, பிறகு திரும்ப ஓடும். மகனுடைய கொம்பனியில் கட்டப்போகிறோம் என்று சொன்ன கட்டடங்களை ஒவ்வொன்றாக ஒத்திவைத்தார்கள். அவனுடைய மாடியிலேயே மூன்று வீட்டுக்காரர் சூட்கேசோடு போய்விட்டார்கள். பக்கத்துக் காணியில் இன்னொரு கோபுரத்துக்கு அத்திவாரம் வெட்டினவர்கள், காசு போட்ட ஆட்கள் பின்வாங்கியதால் கிடங்கை, அந்த ஆழப் பள்ளத்தை, அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

“வந்திடு அப்பன்,” என்று கெஞ்சினேன்.

“வந்து? பேஸ்மென்ற்ல இருந்து என்ன செய்யிறது அம்மா? இந்த ஜொப் போனா விசாவும் போயிடும். லெற்ஸ் வெயிற் அண்ட் சீ.”

கீழே அவனுடைய கட்டில் அப்படியேதான் கிடந்தது. 

வரமாட்டேன் என்றால் அங்கேயாவது உயிரோடு இருக்க வேண்டும். அந்த ஒன்றைத் தவிர எனக்கு அந்த நாட்களில் வேறு எண்ணமில்லை. அதற்கு என்னிடம் படிப்பு இருந்தது என்று நம்பினேன். தொண்ணூறில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக பிளாற் போட்டு, தட்டையான கொன்கிறீற் கூரை வைத்து, வீடு கட்டியிருந்தார்கள். பொம்பர் வந்தால் நாங்கள் முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் ஓடுவோம். அவர்கள் ஓடமாட்டார்கள். “எங்கட பிளாற் தாங்கும்” என்பார்கள். ஒருநாள் தாங்கவில்லை. அந்த வீட்டில் மூன்று பேர். கொன்கிறீற்றுக்குக் கீழே இருந்து ஒரு குரல் பின்னேரம் வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. நாங்கள் பத்தடி தள்ளி, வெறும் மண்ணுக்குள் படுத்திருந்து, ஒரு கீறலும் இல்லாமல் எழும்பி வந்தோம். அன்றிலிருந்து வீடுதான் ஆளைக் கொல்லும் என்பது எனக்குள் இறங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடம் கழித்தும் மேலே விமானம் தாழப் பறந்தால் என் கண் முதலில் கதவைத்தான் தேடும்.

ஆகவே மகனுக்குப் பாடம் எடுத்தேன். சத்தம் கேட்டால் லிஃப்றில் ஏறாதே, படியால் இறங்கு. கண்ணாடிக்குக் கிட்ட நிற்காதே. கட்டடத்தை விட்டு வெளியில் வா. பள்ளமான இடத்தில் குப்புறப் படு, வாயைத் திறந்து வைத்திரு, காதைப் பொத்து.

“அம்மா, திஸ் இஸ் நொற் ஜஃப்னா,” என்று சிரிப்பான்.

நானா சிரிக்கவில்லை. அவரும் அந்த வருடத்துப் பொம்பரைப் பார்த்தவர். “தங்கச்சி, நான் இடமும் பாத்து வச்சிட்டன். பக்கத்துக் காணியில வெட்டின கிடங்கு இருக்கு. நல்ல ஆழம். வாசல்ல இருந்து அம்பது அடிதான்,” என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த ஊரில் விஷயம் தெரிந்த ஒரு மனுஷன் என் பிள்ளைக்குக் காவல் இருக்கிறார் என்று நினைத்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பின்னேர ஓட்டத்துக்கு இரண்டரை மணிக்குத்தான் திரும்பப் போகவேண்டும். அந்தப் புதன்கிழமை, பன்னிரண்டரை இருக்கும், தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு, காருக்குள் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது பொழுதுபட்டு ஏழரை மணி. மகனிடமிருந்து அழைப்பு வந்தது. அவன் புதன்கிழமைகளில் எனக்கு ரெலிபோன் எடுத்துக் கதைப்பதில்லை.

“அம்மா, இற்ஸ் ஹப்பினிங்,” என்றான். பின்னால் கூரைத் தகரத்தில் பெரிய கல் விழுவதுபோல ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. “ஃபோனுக்கு மெசேஜ் வந்திருக்கு. உள்ளுக்கையே நில்லுங்கோ, யன்னலுக்குக் கிட்டப் போகவேண்டாம், வெளியில வரவேண்டாம் எண்டு போட்டிருக்கு.”

“மெசேஜ் அனுப்பினவனுக்கு என்ன தெரியும்?” என்று கத்தினேன். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவற்றை நான் ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். “உந்த கொன்கிறீற்றுக்குள்ள நிண்டா சமாதிதான்! இறங்கு! வெளியில வா!”

“அம்மா, தே ஸெட் ஸ்ரே இன்சைட்.”

“அப்பன், நான் உன்னை இண்டைக்கு ஒண்டு கேக்கிறன். ஒண்டே ஒண்டு. வெளியில வா.”

பிறகு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவன் படியில் இறங்கினான். பத்தொன்பது மாடியும் அவனுடைய மூச்சு என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, “கெதியா, கெதியா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் காரில் ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கீழே நானா மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். யாரையும் வெளியில் விடவேண்டாம் என்று அவருக்குக் கட்டளை. மகன் ரெலிபோனை ஸ்பீக்கரில் போட்டான். “நானா, வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. கிடங்குக்குப் போங்கோ,” என்றேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ஓம், தங்கச்சி சொல்லுறதுதான் சரி. வாங்க தம்பி,” என்றார். அவருடைய அட்டையைப் போட்டுக் கதவைத் திறந்த சத்தம் டிங் என்று கேட்டது. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரிலும் அந்த நேரம் வெளியில் போனது அவர்கள் இரண்டு பேரும்தான். ஒருவனை அவனுடைய தாய் வெளியே எடுத்தாள். மற்றவரையும் அவள்தான் எடுத்தாள்.

மணலில் ஓடுகிற சத்தம் கேட்டது. “குதிங்க தம்பி,” என்று நானா சொன்னார். மகன் குதித்தான், விழுந்து இருமினான். “நானா, கம் கம், கையைத் தாங்கோ.” “இருங்க, முழங்கால்...” என்றார் அவர். பிறகு மேலே, வெகு உயரத்தில், பட்டென்று ஒரு சத்தம். அதன்பின் சில விநாடிகள் ஒன்றுமே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். நான் அறிந்த யுத்தத்தில் வெடித்தது என்றால் முடிந்தது. அங்கே வானத்திலேயே மறித்து உடைத்த ஏவுகணை துண்டுதுண்டாகக் கீழே விழும் என்று எனக்கு யார் சொன்னது? சொன்னார்கள். வெளியில் வரவேண்டாம் என்று அந்த மெசேஜ் சொன்னது அதனால்தான்.

பிறகு ஒரு கத்தல். யார் கத்தியது என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் என் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதில் இல்லை. கடைசியில் அவன் “நானா! நானா!” என்று அழுகிற குரல் வந்தது.

அந்த நேரம் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். என் பிள்ளை இல்லை என்ற சந்தோஷம். உடம்பெல்லாம் ஓடியது. கடவுளே, கடவுளே என்று கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். இதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

இரண்டரை மணிக்கு பஸ் ஓட்டினேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் பின்னால் வழக்கம்போல் கத்திக்கொண்டு வந்தார்கள், ஒவ்வொரு தரிப்பிலும் நிறுத்தி, கண்ணாடியில் பார்த்து, எல்லோரையும் பத்திரமாக இறக்கினேன். மீனை வாங்க மறந்துபோனேன்.

கிடங்கின் விளிம்பில் நின்ற நானாவின் இடதுகால், விழுந்த துண்டொன்றில், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மகனுக்குக் கையில் இரண்டு உராய்வு. கட்டடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. உள்ளே நின்றவர்கள் அன்றிரவே லிஃப்றில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். கணவர் என்னிடம், “நீ வாயை வச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்” என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரோடு மூன்று நாள் பேசவில்லை. சரியாகச் சொன்னதற்காகத்தான் பேசவில்லை. மகன் என்னைக் குறை சொல்லவில்லை. “யூ டிடின்ற் நோ, அம்மா” என்றான். அவன் என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகும் அங்கே இரண்டு தடவை எச்சரிக்கை ஒலி வந்தது. அவன் எனக்கு எடுக்கவில்லை. செய்தியில் பார்த்து நான் எடுத்தபோது, “எவ்ரிதிங் இஸ் ஃபைன், உள்ளுக்குத்தான் நிக்கிறன்” என்றான். என்ன செய்யட்டும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? உள்ளே நில் என்று சொல்ல வாய் திறந்தால் அந்தப் பக்கத்து வீட்டுக் குரல் கேட்கிறது. வெளியே வா என்று சொல்ல நினைத்தால் நானாவின் கத்தல் கேட்கிறது.

ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு நானாவை நேரே விமானத்தில் ஏற்றிப் புத்தளத்துக்கு அனுப்பினார்கள். ஒற்றைக் காலோடு காவல் வேலை யார் கொடுப்பார்கள்? மகன் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்தான். அப்போது அங்கே நடந்த ஒன்றை, அவர் ஊருக்குப் போனபிறகுதான் எனக்குச் சொன்னான். நினைவு வந்த முதல்நாளே நானா அவனிடம், “தம்பி, பில்டிங் விழுந்திட்டுதோ?” என்று கேட்டாராம். அவருக்குக் கடைசியாக நினைவிருந்தது பெரிய சத்தமும் புழுதியும். தாக்குதலைப் படம் எடுக்கவும் போடவும் அந்த ஊரில் தடை, ஆகவே அவர் எதையும் பார்க்கவும் இல்லை.

“நீ என்ன சொன்னனி?”

“ஐ நொடெட், அம்மா. நான் சும்மா தலையாட்டினன். ஹி லுக்ட் ஸோ ஹப்பி.”

எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்லலாமா அந்த மனுஷனுக்கு? ஒருதரம் ஊரைவிட்டு அனுப்பியபோது நாங்கள் ஒன்றும் பேசவில்லை. இந்தத் தடவையாவது நேரே சொல்வது என்று முடிவெடுத்தேன். நானா, கட்டடம் நல்லாத்தான் இருக்கு, தப்பு என்னுடையது, உங்கள் காலை எடுத்தது நான்தான், திட்டுங்கோ. கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவருடைய இலக்கத்தை மகனிடம் வாங்கினேன். ஆனால் நான் எடுப்பதற்கு முதல் அவரே எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, எப்பிடிச் சுகம்?” அதே குரல், கொஞ்சம் மெலிந்திருந்தது. பின்னால் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம்.

“இருக்கிறன் நானா. நானா, நான் உங்களிட்ட ஒண்டு...”

“இருங்க, நான் முதல்ல சொல்லிப்போட்டு வாறன். இஞ்ச வாற போற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன். கால் போனாப் போகட்டும். அந்தப் பில்டிங்குக்குள்ள நிண்டிருந்தா நானும் மௌத்து, தம்பியும் இல்லை. கனடாவில இருந்து ஒரு தங்கச்சி, பெத்த பிள்ளையையும் காப்பாத்தி என்னையும் காப்பாத்தினவ எண்டு சொல்லுறன். என்ட மனிசி உங்களுக்காக ஒவ்வொரு நாளும் துஆ கேக்கிறா.”

மடித்து வைத்த துவாயை விரித்துத் திரும்பவும் மடித்தேன். 

“என்ட மேசை போட்டிருந்த பக்கம் முழுக்கப் போயிட்டுதாமே? தம்பியிட்டக் கேட்டப்ப தலையாட்டினார்,” என்றார். “உண்மைதானே தங்கச்சி?”

அந்தக் கேள்வியில் ஏதோ ஒரு பயம் இருந்தது. யாரோ அவரிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் பிள்ளைகளை, “ஷ்ஷ், சத்தம் போடாதைங்க” என்று அடக்கினார்.

“ஓம் நானா,” என்றேன். “ஒண்டும் மிஞ்சேல்லை.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று நீளமாக மூச்சு விட்டார். “தம்பி இப்ப எங்க இருக்கிறார்?”

மகன் அந்த நேரம் அதே கட்டடத்தில், அதே பத்தொன்பதாம் மாடியில் தூங்கி எழும்பி, பின்னேரத் தேநீர் போட்டுக்கொண்டிருப்பான். “வேற இடத்துக்கு மாறிட்டான் நானா.”

“அதுவும் மாடியோ?”

“ஓம், மாடிதான்.”

“அப்ப தம்பியிட்ட மறக்காமச் சொல்லுங்க,” என்றார் நானா. “அங்கயும் ஒரு கிடங்கு பாத்து வைக்கட்டும். சத்தம் கேட்டா ஆர் என்ன சொன்னாலும் உள்ளுக்க நிக்கவேண்டாம், உடன வெளியில வரச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் தங்கச்சி அவர் கேப்பார்.”

“சொல்லுறன் நானா,” என்றேன்.